வாசலில் உட்கார்ந்து வாங்கிய ஐந்து பக்கம்

போன மாதம், நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில் பழைய ஆட்களைக் கூப்பிட்டு மதிய விருந்து வைத்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கவிதா. நான் ஓய்வு பெற்ற பிறகு மானியப் பிரிவில் சேர்ந்த பெண். பிரியாணியைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"ஆன்ட்டி, இப்பல்லாம் ஸ்கெட்ச் எழுத யாரும் கஷ்டப்படறதில்ல. கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா அதுவே எழுதிக் குடுத்துடுது. ரெண்டே நிமிஷம் லா."

"எழுதட்டும், நல்லதுதானே. எழுதிட்டு வாசல்ல வந்து உட்காருமா?" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. எதிரில் இருந்த பழைய டாக்டர் ஒருவர் மட்டும் சாப்பாடு புரையேறச் சிரித்தார். அவர் வாசலிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அது என்ன கதை, எழுதிக் கொடுங்கள் என்று கவிதா பிடித்துக்கொண்டாள். நான் நாலாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனால் எனக்கு இப்போது என்ன அவசரம்? மெதுவாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்கெட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பணம் சும்மா வராது. மனு போட வேண்டும். அந்த மனுவோடு, தான் யார், எங்கே படித்தார், எங்கெங்கே வேலை பார்த்தார், இதுவரை தானாக என்ன கண்டுபிடித்தார் என்று ஐந்து பக்கத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் ஸ்கெட்ச். பணம் கொடுக்கிறவர்கள் ஆளைப் பார்ப்பது அந்த ஐந்து பக்கத்தில்தான். அந்த ஐந்து பக்கத்தைத்தான் எல்லாரும் கடைசியில் எழுதுவார்கள். உலகத்தில் உள்ள செடி, பூச்சி, புழு எல்லாவற்றையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். தன்னைப் பற்றி எழுது என்றால் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

நான் அங்கே தரை துடைக்கப் போனவள். அதற்கு முன் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அலுவலகக் கோப்புகளைக் கையில் எடுத்தது மேடம் டானால்தான்.

மேடம் டான் மானியப் பிரிவுக்குத் தலைவர். ஒல்லியாக, தலைமயிரைக் காதோடு வெட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. டாக்டர்களோடு ஆங்கிலம், என்னோடு பாதி ஆங்கிலம், பாதி மலாய். எந்த வேலையைக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே சொல்தான் கேட்பார்: "சுடா?" முடிந்ததா என்று அர்த்தம். முடிந்தது என்றால் தலையை ஆட்டுவார். முடியவில்லை என்றால் அதற்கும் தலையைத்தான் ஆட்டுவார். ஆனால் அந்த ஆட்டலைப் பார்த்தால் திரும்பி அந்த வேலைக்கே ஓடுவேன்.

ஒருநாள் ஒரு பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுக்காமல் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். அனுப்ப வேறு ஆள் இல்லாமல் மேடம் என்னை அனுப்பினார். "போய் வாங்கிட்டு வா" என்றார். வாங்கிக்கொண்டு வா என்றால் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று நான் நினைத்தேன். அவர் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன பாக்கியம், இங்க என்ன?" என்று கேட்டார்கள். "டாக்டர் ஒரு தாள் தரணும், அதுக்காக இருக்கேன்" என்று எல்லாருக்கும் மரியாதையாகச் சொன்னேன். மதியம் ஆனது. டிபன் கேரியரைத் திறந்து தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் எடுத்து அங்கேயே சாப்பிட்டேன். ஊறுகாய் வாசனை உள்ளே போயிருக்க வேண்டும். கதவு திறந்தது. தாள் வந்தது.

மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுடா?" என்றார். "சுடா, மேடம்" என்றேன். அடுத்த மாதம் எனக்கு நீல மேல்சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்தது. அலுவலக உதவியாளர் என்று கழுத்தில் அட்டை.

மேடம் ஸ்கெட்ச் பார்க்கும் முறையே தனி. படிக்க மாட்டார், முதலில் தடவுவார். வலது கை ஆட்காட்டி விரல் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கி வரும். எங்கேயாவது நின்றது என்றால் அங்கே கோளாறு. அவர் பென்சில் எடுத்து யாருடைய வரியையும் திருத்தியது கிடையாது. "அவர் வாழ்க்கையை நான் எழுதக் கூடாது" என்பார். விரல் நின்ற இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டி, அதில் ஒரு கேள்வி எழுதி, என்னிடம் கொடுத்து அனுப்புவார். பெரும்பாலும் ஒரே கேள்விதான். இதில் நீங்கள் செய்தது என்ன?

அந்தக் கேள்விக்குப் பயப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. தேர்தல் சுவரொட்டி மாதிரி எல்லாம் நானே என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மஞ்சள் சீட்டு வந்தால் கோபம் வரும். நம்ம ஆட்கள் வேறு மாதிரி. பெரியவர்கள் ஆசீர்வாதம், குருவின் வழிகாட்டல் என்று ஆரம்பித்து, தன் பெயரை எங்கேயாவது மூலையில் ஒட்டுவார்கள். ஒருமுறை அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு மேடம் கேட்டார்: "பாக்கியம், இது ஸ்கெட்சா, கல்யாண வீட்டு நன்றியுரையா?"

டாக்டர் சேகருடைய ஸ்கெட்சும் அந்த வகைதான். அதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சேகர் எங்கள் கூடத்தில் கீரை, காய்கறி நோய்களைப் பார்த்தவர். அவருடைய ஆசிரியர் பேராசிரியர் நடேசன். பெரிய மனிதர், பெரிய குரல். இருவரும் கிராஞ்சிப் பண்ணைகளில் கீரை இலை மஞ்சளாகிச் சுருண்டு போகிற ஒரு நோயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எதனால் வருகிறது என்று கண்டுபிடித்ததுதான் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பிறகு பேராசிரியர் தூக்கத்திலேயே போய்விட்டார். இடம் சேகர் கைக்கு வந்தது. பணம் வரவில்லை. முதல் முறை மனு போட்டார், திரும்பி வந்தது. இந்த ஆள் தானாக என்ன செய்தார் என்று தெரியவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்களாம். இந்த முறையும் கிடைக்காவிட்டால் அவர் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவருக்குக் கீழே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் வேலை போகும்.

அப்படி இருக்க, இரண்டாம் முறையும் அதே மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார். பேராசிரியர் நடேசன் தலைமையில், பேராசிரியர் நடேசன் வழிகாட்டலில், நாங்கள், நாங்கள், நாங்கள். மேடத்தின் விரல் நின்றது. மஞ்சள் சீட்டு போனது. திரும்பி வந்தது, எதுவும் மாறவில்லை. மறுபடி போனது, மறுபடி வந்தது. கடைசி நாள் காலையில் மேடம் என்னைக் கூப்பிட்டு, தாளை என் கையில் வைத்து, "போய் உட்கார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மாலை ஐந்து மணிக்கு மனு போயாக வேண்டும்.

நான் சேகர் வாசலில் நாற்காலியைப் போட்டேன்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ஆன்ட்டி, நீங்க போங்க. நான் மெயில்ல அனுப்பிடறேன்."

"மெயில் போகட்டும் டாக்டர். நானும் அது பின்னாலயே போறேன்."

"ஐயோ, ஆன்ட்டி..."

"டிபன் கொண்டு வந்திருக்கேன். தயிர்சாதம், ஊறுகாய்."

அவருக்கும் அந்த ஊறுகாய்க் கதை தெரியும். சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். உட்கார்ந்தேன். நாலு பேருக்கு முன்னால் டாக்டர் என்பேன், தனியாக இருந்தால் தம்பி. "தம்பி, இந்த நோயைக் கண்டுபிடிச்சதுல நீங்க செஞ்சது ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். நோய் தண்ணீரில் வருகிறது என்பது பேராசிரியரின் கட்சி. இல்லை, விதையிலேயே இருக்கிறது என்பது இவர் கட்சி. பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லார் முன்னாலும் கேலி செய்தார். இவர் விடவில்லை. சுத்தமான மணலில், கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை ஊற்றி, அதே விதையைப் போட்டு வளர்த்தார். நோய் வந்தது. தண்ணீரில் குற்றமில்லை, விதையில்தான்.

"அப்ப அதை எழுதுங்க. இதுல என்ன?"

"எப்படி ஆன்ட்டி எழுதறது? நான் சொன்னேன்னு எழுதினா, அவர் இல்லன்னு சொன்னாருன்னு ஆயிடும். அவரு தப்புன்னு ஆயிடும். உயிரோட இருந்தா கூட சண்டை போடலாம். செத்துப்போன மனுஷனை எப்படித் தப்புன்னு எழுதறது? எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வருகிற சங்கடம்தானே அது. இறந்தவரிடம் உத்தரவு கேட்க முடியாது என்கிறார். அப்படியானால் உத்தரவு கொடுக்கக்கூடியவர் யார் என்றுதான் யோசித்தேன்.

"அவர் வீட்டம்மா இருக்காங்கல்ல, காத்தோங்ல?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனதுதான். அப்புறம் போகவே இல்ல. இப்ப இதுக்குன்னு எப்படிப் போய் நிக்கறது?"

"இதுக்குத்தான் போகணும்."

மேடத்துக்கு போன் போட்டேன். டாக்டரைக் கூட்டிக்கொண்டு காத்தோங் போகிறேன், ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்றேன். யாரை, எதற்கு என்று கேட்கவில்லை. "அஞ்சு மணி" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷத்தில் மேடம் எனக்குக் கொடுத்த பெரிய மரியாதை அதுதான்.

டாக்சியை நேரே விடச் சொல்லாமல் சிராங்கூன் ரோட்டில் நிறுத்தச் சொன்னேன். வெறுங்கையோடு போகக் கூடாது. பேராசிரியருக்குப் பிடித்தது என்ன என்று கேட்டேன். காராசேவு என்றார் சேகர். மிளகு போட்ட காராசேவு, கொஞ்சம் வாழைப்பழம், ஆரஞ்சு வாங்கிக்கொண்டோம். வழியெல்லாம் மடிக்கணினியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார்.

பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் பின்தெருவில் பழைய அடுக்குமாடி. பேராசிரியரின் மனைவி மங்களம்மாவே கதவைத் திறந்தார். வெள்ளை முடி, பெரிய கண்ணாடி, உள்ளே டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சேகரைப் பார்த்தார். கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"காராசேவா?"

"ஆமாம்மா."

"வழி தெரியாம எங்க போயிட்ட இத்தனை நாளா? இப்ப அவருக்குப் பிடிச்சதை வாங்கிட்டு வந்து என்னை மடக்கலாம்னு பார்க்கிறியா? உள்ள வா. நீங்க யாரும்மா?"

"நான் ஆபீஸ்ல தாள் வாங்கறவ, அம்மா. பாக்கியம்."

"அப்ப இவன்கிட்ட வசூல் பண்ண வந்திருக்கீங்க. உட்காருங்க."

உடம்பு எப்படி, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று சேகர் பேச்சைச் சுற்றி வளைத்தார். சுவரில் பேராசிரியர் படம். அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். எனக்குச் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் நானே சொல்லிவிட்டேன்.

"அம்மா, விதையில நோய் இருக்குன்னு சொன்னது இவரு. இல்லன்னு சொன்னது ஐயா. அதை எழுதினாத்தான் இவருக்குப் பணம் கிடைக்கும். எழுதினா ஐயாவுக்கு மரியாதைக் குறைவுன்னு இவரு எழுத மாட்டேங்கிறாரு. உங்களைக் கேக்க வந்திருக்கோம்."

மங்களம்மா டிவியை நிறுத்தினார். சேகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த விதைச் சண்டையா?" என்றார் மங்களம்மா. "அது எனக்குத் தெரியாதா? தினமும் சோத்துல கை வச்சா அதே பேச்சுதான். 'அந்தப் பையன் கிறுக்கன், மங்களம். விதையாம் விதை!' ரசம் ஆறிப் போகும், திட்டு ஆறாது. நானே ஒருநாள் சொன்னேன், அவன் சொல்றதையும் போட்டுத்தான் பாருங்களேன்னு. என் மேலயே பாய்ஞ்சாரு."

சேகர் நிமிரவில்லை.

"அப்புறம் ஒருநாள் வந்தாரு. சட்டைகூட மாத்தல. இதோ, இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தாரு. சாப்பாடு வேணாம்னாரு. எனக்குப் பயமாப் போச்சு, நெஞ்சு வலியோன்னு. என்னங்கன்னு கேட்டா, 'பையன் சொன்னதுதான் சரி, மங்களம்' அப்படின்னாரு. அவ்வளவுதான். உன்கிட்டச் சொன்னாரா?"

"இல்லம்மா." சேகர் இப்போதுதான் நிமிர்ந்தார். "ஒண்ணும் சொல்லல. கட்டுரையில என் பேரை முதல்ல போட்டுட்டு, தன் பேரைக் கடைசியில போட்டாரு. ஏன்னு கேட்டேன். வேலையைப் பாருன்னாரு."

"அதான் அவரு மன்னிப்பு. வாயால வராது அவருக்கு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து எனக்கே ஒரு தடவைகூட வந்தது கிடையாது. அவரு தோத்ததே இல்லன்னு நினைச்சியா? இந்த வீட்டுல தினமும் தோப்பாரு லா!"

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாவும் சிரித்தார். சேகருக்கு மட்டும் கண்ணில் தண்ணீர். கட்டுரையில் பெயர் போட்டாலும், பேராசிரியர் மனசார ஒத்துக்கொண்டார் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமும் தன்னை நம்பாமலேயே ஆசிரியர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, அந்த வலியோடு அவர் பெயரையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எழுது," என்றார் மங்களம்மா. "அவரு செஞ்சதை அவரு செஞ்சாருன்னு எழுது. நீ செஞ்சதை நீ செஞ்சேன்னு எழுது. ஆனா ஒரு கண்டிஷன். எழுதினதைப் படிச்சுக் காட்டணும். இப்ப வேணாம், அவசரத்துல இருக்கே. அவரு திதிக்கு வந்து படி. அவரும் கேக்கட்டும்."

சேகர் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தார். எங்கள் இருவருக்கும் காப்பி வந்தது, அவர் காப்பி ஆறிப் போனது. எழுதியதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். விதை வழியாக நோய் வருகிறது என்று முதலில் சொன்னது நான். என் ஆசிரியர் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டாலும் சோதித்துப் பார்க்க இடமும் காலமும் கொடுத்தார். முடிவு வந்ததும் என் பெயரை முதலில் வைத்தார். அவ்வளவுதான். மங்களம்மா காராசேவைக் கடித்துக்கொண்டே, "இடம் குடுத்தாருங்கறதும் நிஜம்தான்" என்றார்.

மேடம் மேசைக்குத் தாள் போனபோது ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. விரல் இறங்கியது. புதிய வரிகளில் நின்றது. மறுபடி மேலே போய் இறங்கியது.

"இது உண்மையா?"

"பேராசிரியர் மனைவி சொன்னாங்க, மேடம்" என்றார் சேகர்.

"மனைவி சொன்னால் அது சான்றா?"

நான் குறுக்கே பேசக் கூடாது. பேசினேன். "மேடம், பொண்டாட்டி புருஷனைத் தப்புன்னு சொன்னா சந்தேகப்படலாம். அவரே ஒத்துக்கிட்டாருன்னு சொன்னா, அதுக்கு மேல சான்று எங்க இருக்கு?"

மேடம் வாயை இறுக்கிக்கொண்டார். அது அவர் சிரிப்பு. பிறகு கடைசித் தாளைத் தொட்டார். புது வரிகள் வந்ததால் ஆறாவது பக்கத்துக்கு இரண்டு வரி வழிந்திருந்தது. ஆறாம் பக்கம் வந்தால் மனுவைத் திறக்காமலே திருப்பிவிடுவார்கள். சேகர், ஆசிரியர் இடம் கொடுத்தார் என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். மேடம் விரலை நகர்த்தி, அவர் வாங்கிய பரிசுகள் இருந்த இடத்தில் வைத்தார். சேகர் புரிந்துகொண்டு இரண்டு பரிசை எடுத்துவிட்டார். ஐந்து பக்கம் ஆனது. கையெழுத்துப் போட்டார். நேரத்தோடு மனு போனது.

"சுடா," என்றார் மேடம். அன்றைக்கு அது கேள்வியாக இல்லை.

பணம் கிடைத்தது. அறை சேகருக்கே தங்கியது. மூன்று பேருக்கும் வேலை தங்கியது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் இப்போது கிராஞ்சிப் பண்ணைகளுக்கெல்லாம் விதை சோதித்துக் கொடுக்கிறாள். வழியில் பார்த்தால், "ஆன்ட்டி, உட்காருங்க" என்று கேலி செய்வாள்.

திதிக்கு மங்களம்மா என்னையும் கூப்பிட்டிருந்தார். இலை போட்டு வடை, பாயசம், பேராசிரியருக்குப் பிடித்தது எல்லாம் படம் முன்னால் வைத்திருந்தது. காராசேவும் இருந்தது. படையல் முடிந்ததும் மங்களம்மா, "சேகர், படி" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, படத்துக்கு முன்னால் நின்று, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. ஆனாலும் எந்த வரி எப்போது வருகிறது என்று தெரிந்தது, அந்த இடத்தில் அவர் தாளை விட்டு நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

என் கையால் எத்தனையோ ஸ்கெட்ச் போயிருக்கிறது. பெரிய பெரிய ஆட்களுடையது. பாயச இலைக்கு முன்னால் படிக்கப்பட்டது அது ஒன்றுதான். அதை வாங்கி வந்தவள் நான்.

படித்து முடித்ததும் மங்களம்மா படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரசம் ஆறுகிறது என்று கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னார்:

"கேட்டீங்களா? பையன் எழுதிட்டான். இப்பவாவது சாப்பிடுங்க."